கக்கன் தலையில் ஏறிய சுமை

கக்கன் என்றதும் நமக்கு மதுரை அரசு மருத்துவமனைதான் நினைவுக்கு வருகிறது. பத்து ஆண்டுகள் அமைச்சராக இருந்தவர் பொது வார்டில் கிடந்தார். வேறொருவரை நலம் விசாரிக்க வந்த முதல்வர் எம்.ஜி.ஆர். அதைக் கண்டு பதறி, உதவிக்கு உத்தரவிட்டார். மேடையில் சொன்னால் கைதட்டல் நிச்சயம். நாமும் சொல்லி வாங்கியிருக்கிறோம். பிறகுதான் உறுத்தியது. அந்த வார்டு வரை அவரைக் கொண்டுபோய் விட்டது யார்?

மேலூர் அருகே தும்பைப்பட்டியில் பிறந்தவர். தந்தை ஊர்க்கோயில் பூசாரி. ஆனாலும் பூசாரி மகனுக்கு மீனாட்சியம்மன் கோயில் வாசல் அடைத்தே கிடந்தது. 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத அய்யரோடு அந்த வாசலைத் தாண்டிய சிலரில் கக்கனும் ஒருவர். பிறகு ஆகஸ்ட் போராட்டத்தில் சிறை, அரசியல் நிர்ணய சபை, 1952இல் மக்களவை. 1957 முதல் 1967 வரை மாநில அமைச்சர்.

முதலில் கிடைத்தது பொதுப்பணித் துறை. அது எப்படிப்பட்ட துறை என்று உங்கள் ஊர் கான்ட்ராக்டரைக் கேளுங்கள், சிரிப்பார். அணை, பாலம், கால்வாய் என்று எங்கும் பணம் புரளும் இடம். 1959இல் வைகை அணை திறக்கப்பட்டபோது அந்தத் துறை கக்கன் பொறுப்பில் இருந்தது. 1964இல் லஞ்ச ஒழிப்புத் துறை தொடங்கியபோது அவர் உள்துறை அமைச்சர். பதவி போன பிறகு வாடகை வீடு, டவுன் பஸ்.

1965இல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் போலீஸ் சுட்டது. பலர் செத்தார்கள். உள்துறை அமைச்சர் என்ற முறையில் அந்தப் பொறுப்பிலிருந்து கக்கனை நாம் விடுவிக்கப் போவதில்லை. ஆனால் முதல்வர் பக்தவத்சலம் தலைமையில் ஒரு முழு அமைச்சரவையே இருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. 1967 தேர்தலில் மக்களின் கோபம் ஆள் பார்க்கவில்லை. அரிசித் தட்டுப்பாடு, துப்பாக்கிச்சூடு, ஊழல் பேச்சு எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி எல்லார் தலையிலும் ஏற்றினார்கள். ஒரு காசு தொடாதவரும் அதைச் சுமந்தார். சொந்த மேலூரிலேயே தோற்றார்.

தோல்வி பெரிதல்ல, அந்த ஆண்டு காமராசரும் தோற்றார். கக்கனுக்கு விழுந்தால் தாங்கிப் பிடிக்க நிலமும் இல்லை, பணமும் இல்லை, பெரிய சாதியும் இல்லை. அவர் ஏழையாகக் கிடந்த பிறகுதான் ஊர் உலகம் அவரை நேர்மையானவர் என்று ஒப்புக்கொண்டது. சேரியில் பிறந்தவனிடம் கேட்கும் இந்தக் கணக்கை மற்றவர்களிடம் இவ்வளவு கறாராக யாரும் கேட்பதில்லை. மேடையில் கைதட்டல் வாங்கியபோது நாமும் இதைச் சொல்லாமல் விட்டோம்.

1981 டிசம்பர் 23 அன்று காலமானார். தும்பைப்பட்டியில் மணிமண்டபம் இருக்கிறது. வைகை அணைக்குச் சுற்றுலா போகும் மாணவர்களே, அது திறந்தபோது யார் அமைச்சர் என்று உங்கள் ஆசிரியரிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.