இலட்சிய நடிகர் எஸ்.எஸ்.ஆரும் நம்ம தேனியும்

தேனிப் பக்கத்துக்காரன் என்று வெளியூரில் சொன்னால் போதும், உடனே அல்லிநகரம் பாரதிராஜா, பண்ணைப்புரம் இளையராஜா, வடுகபட்டி வைரமுத்து என்று மூன்று பேரை எண்ணிக் காட்டிவிடுவார்கள். நமக்கும் பெருமைதான். ஆனால் இந்த மூவரும் சினிமாவில் பேர் வாங்குவதற்கு ரொம்ப முன்னாலேயே தேனிக்கும் சினிமாவுக்கும் ஒரு கணக்கு உண்டு. அதைத் தொடங்கி வைத்தவர் எஸ்.எஸ்.ராஜேந்திரன். மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று சங்க நண்பர்கள் கேட்டபோது, எஸ்.எஸ்.ஆரைப் பற்றித்தான் எழுதுவேன் என்று அப்பவே சொல்லிவிட்டேன். நம் பிள்ளைகளுக்கு அந்த மூன்றெழுத்தே தெரியவில்லை. தெரிந்த நம் வயதுக்காரர்களும் பூம்புகார் கோவலன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அவர் படம் எடுத்தார், தானே இயக்கவும் செய்தார் என்பது பாதிப் பேருக்கு மறந்தே போச்சு.

சேடபட்டி சூரியநாராயண ராஜேந்திரன் என்பது முழுப்பெயர். 1928 ஜனவரியில் பிறந்தவர். சேடபட்டி நம் பள்ளத்தாக்கு இல்லை. ஆண்டிபட்டிக் கணவாய்க்கு அந்தப் பக்கம், உசிலம்பட்டிக்குத் தெற்கே இருக்கிற ஊர். அன்றைக்கு இரண்டு பக்கமும் மதுரை மாவட்டம்தான். தேனி தனி மாவட்டமானது 1996இல். கொடுக்கல் வாங்கல், சந்தை, சம்பந்தம் எல்லாம் கணவாயைத் தாண்டித் தாண்டி நடந்துகொண்டிருந்ததால் சேடபட்டிக்காரரை நம்ம ஆள் என்று எடுத்துக்கொள்ள யாருக்கும் தயக்கம் இருக்கவில்லை.

சின்னப் பிள்ளையிலேயே நாடகக் கம்பெனிக்குப் போய்விட்டார். பாய்ஸ் கம்பெனி என்றால் இன்றைய தலைமுறைக்கு விளக்க வேண்டியிருக்கிறது. பையன்களைக் கம்பெனி வீட்டிலேயே தங்க வைத்துச் சோறு போட்டுப் பாட்டும் வசனமும் சொல்லிக் கொடுப்பார்கள். பெண் வேடமும் பையன்களேதான். மைக் வருவதற்கு முந்தைய பழக்கம் என்பதால் கொட்டகையின் கடைசி வரிசை ஆளுக்கும் கேட்கும்படி பேச வேண்டும். ஒரு எழுத்து நழுவினாலும் வாத்தியார் விடமாட்டார். அப்புறம் டி.கே.எஸ். சகோதரர்களின் குழுவில் வளர்ந்தார். எஸ்.எஸ்.ஆரின் ழகரமும் ளகரமும் கடைசிவரை பிசகாமல் இருந்ததற்கு அந்தப் பள்ளிக்கூடம்தான் காரணம் என்று நான் நினைக்கிறேன். இப்போது டி.வி. சீரியலில் தேறிச் சினிமாவுக்குப் போகிறார்கள். நம் வருசநாட்டுப் பக்கத்து ஜி.மாரிமுத்து மட்டும் தலைகீழாக, 2008இல் கண்ணும் கண்ணும், 2014இல் புலிவால் என்று படம் இயக்கிவிட்டு அப்புறம் எதிர்நீச்சல் சீரியலில் வீடு வீடாகத் தெரிந்தவரானார், 2023இல் காலமாகிவிட்டார். எஸ்.எஸ்.ஆர். காலத்தில் அந்தச் சின்னத்திரையின் இடத்தில் நாடக மேடை இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

சினிமாவில் ஆரம்பத்தில் சில்லறை வேலைகள்தான். 1952இல் பராசக்தி வந்தது. எல்லோரும் சிவாஜியைப் பற்றியே பேசுவோம், அது சரிதான். ஆனால் அந்தப் படத்தில் போரில் காலை இழந்து திரும்பி, பிச்சைக்காரர்களைச் சேர்த்துச் சங்கம் வைக்கிற அண்ணன் ஞானசேகரன் எஸ்.எஸ்.ஆர்.தான். 1954இல் ரத்தக்கண்ணீர், மனோகரா. 1957இல் முதலாளி. முக்தா சீனிவாசன் இயக்கிய அந்தப் படம் தேசிய விருது வாங்கியது, எஸ்.எஸ்.ஆர். கதாநாயகனாக நிலைத்தார். அடுத்த ஆண்டு தை பிறந்தால் வழி பிறக்கும். எம்.ஜி.ஆர்., சிவாஜி, ஜெமினி என்று மூவர் ஆட்சி நடந்த நாளில் நாலாவதாக ஒருத்தர் தன் பேச்சை நம்பியே நின்றார்.

1959இல் ஒரு விஷயம் நடந்தது. வீரபாண்டிய கட்டபொம்மனில் வெள்ளையத்தேவன் வேடம் முதலில் அவரைத் தேடித்தான் வந்தது. கண்ணதாசன் எடுத்த சிவகங்கைச் சீமையில் நடிக்க ஒப்புக்கொண்டிருந்ததால் அதை விட்டுவிட்டார். இரண்டு படமும் சில நாள் இடைவெளியில் வெளிவந்தன. கட்டபொம்மன் ஓடிய ஓட்டம் உங்களுக்குத் தெரியும். மருது சகோதரர்கள் கதை அந்த வெள்ளத்தில் நிற்க முடியவில்லை. வெள்ளையத்தேவனாக ஜெமினி வந்துபோனார்.

இதைவிடப் பெரிய விலை ஒன்றையும் கொடுத்தார். கொள்கைக்காகப் புராணப் படங்களில் நடிப்பதில்லை என்று இருந்தார். இலட்சிய நடிகர் என்ற பட்டம் ஒட்டிக்கொண்டதே இப்படித்தான். சொல்லுவது எளிது. 1965இல் திருவிளையாடல், 1966இல் சரஸ்வதி சபதம், 1967இல் கந்தன் கருணை என்று ஏ.பி.நாகராஜன் வரிசையாகப் படம் கொடுத்து, தமிழ்நாடே கொட்டகைக்கும் கோயிலுக்கும் வித்தியாசம் தெரியாமல் கையெடுத்துக் கும்பிட்ட வருஷங்கள் அவை. தூய தமிழ் வசனம் பேசத் தெரிந்த நடிகருக்கு அதைவிட நல்ல அறுவடைக் காலம் வராது. அந்த நேரத்தில் வேண்டாம் என்று ஒதுங்கி நிற்கிறதுக்குத் தெம்பு வேணும். எனக்கு சாமி நம்பிக்கை உண்டு. வீரபாண்டித் திருவிழாவுக்கு வருஷா வருஷம் போகிறவன்தான். இருந்தாலும் இந்த ஒரு விஷயத்தில் அவர் மேல் எனக்குத் தனி மரியாதை.

சிலப்பதிகாரம் அந்தக் கணக்கில் சேராது என்பதால் 1964இல் பூம்புகாரில் கோவலனானார். விஜயகுமாரி கண்ணகி, கவுந்தியடிகளாக முருகபக்தை கே.பி.சுந்தராம்பாள். கதை வசனம் கருணாநிதி, இயக்கம் ப.நீலகண்டன். இந்தப் படத்தை நம்ம பள்ளத்தாக்கு பார்த்த மாதிரி வேறு எந்த ஊரும் பார்த்திருக்காது. ஏனென்றால் கண்ணகி நமக்குப் புத்தகத்துப் பெண் இல்லை. கூடலூருக்கு மேலே மலையில் கோயில் கொண்டிருக்கிறாள்; சித்ரா பௌர்ணமிக்குப் பளியன்குடி வழியாக மூச்சு வாங்க ஏறியவர்கள் நம்மில் எத்தனை பேர்! டூரிங் டாக்கீஸில் மணல் குவித்து உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்த எங்க அப்பத்தா, கோவலனை ஒரு வாரம் திட்டிக்கொண்டிருந்தது. அப்பத்தாவைப் பொறுத்தவரை எஸ்.எஸ்.ஆர். நடிக்கவில்லை, நிஜமாகவே தப்பு செய்துவிட்டார். இதைவிடப் பெரிய விருது எந்த நடிகனுக்குக் கிடைக்கும்?

இனி அவர் இயக்கிய படங்கள். 1960இல் தங்கரத்தினம், 1964இல் அல்லி, 1966இல் மணிமகுடம். முதல் படத்தை இயக்கும்போது வயது 32. கதாநாயகனாக மார்க்கெட் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் கைக்காசைப் போட்டுப் படமெடுத்து, இயக்குநர் நாற்காலியிலும் உட்காருவது அன்றைக்குச் சாதாரணம் இல்லை. இதற்கு நடுவில் எஸ்.எஸ்.ஆர். நாடக மன்றம் என்று சொந்தக் குழுவும் நடத்தினார். மனோரமா அந்த மன்றத்தின் மேடையில் நடித்து வளர்ந்தவர். கருணாநிதியின் மணிமகுடம் முதலில் அங்கே நாடகமாகத்தான் நடந்தது. பிறகு அதையே படமாக்கினார். விஜயகுமாரியோடு இளவயது ஜெயலலிதாவும் அதில் நடித்தார். ஒளிக்காமல் சொல்வதென்றால் படத்தில் மேடை வாசனை கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்ற பழைய பழக்கம் காமிரா பக்கத்தில் வந்து நின்றபோதும் போகவில்லை. ஆனால் நாடகக் கம்பெனியிலிருந்து வந்த ஒருவர் நாடகத்தை விட்டுக்கொடுக்காமல் படம் எடுத்தார் என்று பார்த்தால் அதன் அழகு புரியும்.

நிஜவாழ்க்கையிலும் விஜயகுமாரி அவருக்கு மனைவியானார். பின்னாளில் பிரிந்தார்கள். 1962 சாரதாவும் 1963 நானும் ஒரு பெண்ணும் பார்த்தவர்களுக்கு அந்த ஜோடி மறக்காது.

அதே 1962இல்தான் நம்ம ஊர் செய்த காரியம். பிப்ரவரியில் சட்டமன்றத் தேர்தல். காமராஜர் முதலமைச்சர், காங்கிரஸ் காலூன்றி நின்ற மாவட்டம். தேனியில் தி.மு.க. சார்பில் எஸ்.எஸ்.ஆர். நின்றார். கூத்தாடிக்கு ஓட்டா என்று பெரியவர்கள் பலர் கேட்டதாக எங்க வீட்டில் சொல்லுவார்கள். அந்தத் தேர்தலில் தி.மு.க.வுக்குக் கிடைத்தது 50 இடம். அண்ணாவே காஞ்சிபுரத்தில் தோற்றுப்போனார். தலைவர் தோற்ற தேர்தலில் தேனியில் நடிகர் ஜெயித்தார். இந்தியாவிலேயே சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் சினிமா நடிகர் என்று எஸ்.எஸ்.ஆரைத்தான் சொல்வது வழக்கம். எம்.ஜி.ஆர். பரங்கிமலையில் ஜெயித்தது 1967இல். சினிமாவும் அரசியலும் கலந்ததைப் பற்றி எழுதுகிற அறிஞர்கள் நேராகப் பரங்கிமலைக்குப் போய்விடுகிறார்கள். நடுவில் தேனியில் இறங்கிப் பார்த்தால் நல்லது.

அறுபதுகளின் பிற்பாதியில் படங்கள் குறைந்தன. புராணம் ஒரு காரணம், கட்சி வேலை ஒரு காரணம், காலமும் மாறிவிட்டது. 1970 முதல் 1976 வரை மாநிலங்களவை உறுப்பினர். பிறகு எம்.ஜி.ஆர். பக்கம் வந்து, 1980இல் அ.தி.மு.க. வேட்பாளராக ஆண்டிபட்டியில் வென்றார். ஆக, கணவாய்க்கு இந்தப் பக்கத்து மக்கள் அவரை இரண்டு தடவை, இரண்டு கட்சியில் அனுப்பி வைத்தார்கள். கட்சி மாறியதைக் குறை சொல்லுகிறவர்கள் சொல்லட்டும். நடித்த காலத்தில் இருந்த பிடிவாதம் அரசியலில் அவருக்கு வாய்க்கவில்லை என்பது என் கருத்து.

ஆண்டிபட்டிக் கதை அதோடு முடியவில்லை. 1984இல் அங்கே எம்.ஜி.ஆரே நின்று ஜெயித்தார். 1989இல் போடியில் வென்ற ஜெயலலிதா, 2002லும் 2006லும் ஆண்டிபட்டியில் வென்றார். மணிமகுடத்தில் இயக்கியவரும், அவர் சொல்லச் சொல்ல நடித்த பெண்ணும் ஒரே தொகுதிக்கு எம்.எல்.ஏ. ஆனது நம்ம மண்ணில்தான். இதை டீக்கடையில் சொன்னால் யாரும் நம்புவதில்லை. நாலு பேரிடம் நான் பந்தயம் கட்டி ஜெயித்திருக்கிறேன்.

எஸ்.எஸ்.ஆர். 2014 அக்டோபர் 24இல் சென்னையில் காலமானார். 86 வயது. நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள்: 1962 தேர்தல் நோட்டீஸோ, தங்கரத்தினம், அல்லி, மணிமகுடம் பாட்டுப் புத்தகமோ பரணில் எங்காவது கிடந்தால், கரையானுக்குக் கொடுத்துவிடாமல் சந்திப்பு நாளன்று கையோடு கொண்டு வாருங்கள். நகல் எடுத்து நம் கல்லூரி நூலகத்தில் வைத்துவிடலாம்.