ஓவியத்தின் முன் ஒரு கவிஞர்

ஆங்கில இலக்கியம் பயிலும் நண்பர்களிடம் ரோசெட்டி என்ற பெயரைச் சொன்னால் உடனே கல்லறைக் கதையைத் தொடங்கிவிடுவார்கள். மனைவியின் சவப்பெட்டியில் தம் கவிதைகளை வைத்துப் புதைத்து, ஏழாண்டுகள் கழித்து அவற்றை எடுப்பித்த கவிஞர் என்றே உலகம் அவரை நினைவில் வைத்திருக்கிறது. கதை உண்மைதான். ஆயினும் அவர் வாழ்வில் என் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்த பகுதி வேறு. இருபத்தொரு வயதில், பாரிஸ் நகரத்து லூவர் அருங்காட்சியகத்தில், ஓர் ஓவியத்தின் முன் அமர்ந்து அவர் பதினான்கு அடிகள் எழுதினார். அந்த நாளைப் பற்றியும் அதன் பின்விளைவைப் பற்றியும் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

தாந்தே கேப்ரியல் ரோசெட்டி 1828-ஆம் ஆண்டு மே திங்கள் 12-ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். தந்தையார் இத்தாலியர், கவிஞர். நேப்பிள்சில் அரசியல் உரிமைக்குக் குரல் கொடுத்தமையால் நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தவர். பின்னர் இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் இத்தாலிய மொழிப் பேராசிரியராக விளங்கினார். பிள்ளைகள் நால்வர். தங்கை கிறிஸ்டினா பின்னாளில் புகழ்பெற்ற கவிஞரானார். தம்பி வில்லியம் மைக்கேல் அண்ணனுக்குத் துணையாகவே வாழ்ந்தார். இப்படி இத்தாலியின் நினைவிலேயே வளர்ந்த ரோசெட்டி, வாழ்நாளில் ஒருமுறைகூட இத்தாலி மண்ணை மிதித்ததில்லை என்பது வியப்புக்குரிய செய்தி.

ஓவியம் கற்கச் சென்ற இடத்தில் அவருக்கு மனம் ஒன்றவில்லை. 1847-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகப் பணியாளர் ஒருவரிடமிருந்து வில்லியம் பிளேக்கின் கையெழுத்துக் குறிப்பேட்டைப் பத்து ஷில்லிங்குக்கு வாங்கினார். அந்தப் பணமும் தம்பியிடம் பெற்ற கடன்! பிளேக் ஓவியர், கவிஞர் இரண்டுமானவர். தூரிகையும் எழுதுகோலும் ஒரே கையில் இருக்கலாம் என்பதற்கு அந்த ஏடு ரோசெட்டிக்குச் சான்றாக அமைந்திருக்கும் என்று எண்ணுகிறேன்.

மறு ஆண்டு, ஹோல்மன் ஹண்ட், மில்லே முதலிய இளைஞர்களுடன் சேர்ந்து எழுவர் கொண்ட ஒரு கூட்டத்தை அமைத்தார். இரஃபேலுக்கு முற்பட்ட ஓவியர்களின் எளிமையும் நேர்மையும் மீண்டும் வேண்டும் என்பது அவர்களுடைய கொள்கை. எல்லாரும் நம் வயதினரே.

1849-இல் ரோசெட்டி, ஹண்ட் இருவருடைய ஓவியங்களும் விலைபோயின. அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் இருவரும் பாரிசுக்கும் பெல்ஜியத்துக்கும் புறப்பட்டனர். சென்ற இடமெல்லாம் ரோசெட்டி பாட்டெழுதினார். எழுதியவற்றைத் தம்பிக்குக் கடிதத்தில் அனுப்பினார். பெரும்பாலும் சானெட் என்னும் பதினான்கு அடிப் பாட்டே அவர் கையாண்ட வடிவம். வெண்பாவைப் போலவே அதுவும் கட்டுப்பாடு மிக்கது. சொல்ல வந்ததைச் சுருங்கச் சொல்லி முடித்துவிட வேண்டும்.

லூவரில் அவரை நிறுத்திய ஓவியம், அந்நாளில் ஜார்ஜோனே வரைந்ததாகக் கருதப்பட்ட புல்வெளிக் காட்சி. இரண்டு இளைஞர்கள் புல்லில் அமர்ந்திருக்கிறார்கள். ஒருவன் மடியில் யாழ் போன்றதொரு நரம்புக் கருவி. ஆடையற்ற மங்கை ஒருத்தி கையில் குழலுடன் நமக்கு முதுகு காட்டி அமர்ந்திருக்கிறாள். மற்றொருத்தி கல்தொட்டியருகே கண்ணாடிக் குடத்துடன் நிற்கிறாள். கதை எதுவும் இல்லை. இதை வைத்து என்ன பாடுவது?

ரோசெட்டி படத்திலிருப்பவற்றை வரிசையாக எண்ணிக் காட்டவில்லை. படத்தில் வரைய முடியாத ஒன்றை அவர் கேட்டார்: இசை நின்ற கணம். வெயிலின் புழுக்கம், நீரின் மெல்லிய ஓசை, இன்பம் நிறைந்த வேளையில் காரணமின்றி மனத்தில் கவியும் துயரம் இவையே அவர் பாட்டின் பொருள். அந்த மௌனத்தைக் கலைக்க வேண்டாம் என்று பார்ப்பவரைத் தடுத்துவிட்டுப் பாட்டு முடிகிறது.

மாந்தென்யாவின் ஓவியத்தில் ஆடும் நங்கையரைக் கண்டபோதும் உட்பொருளைத் துருவி ஆராயாமல், பொருள் விளங்குவதற்கு முன் உள்ளத்தில் எழும் உணர்ச்சியையே பாடினார். புரூஜ் நகரின் பழைய மருத்துவமனையில் மெம்லிங்கின் ஓவியத்துக்கும் ஒரு பாட்டு அமைந்தது.

ஊர் திரும்பியதும் நண்பர்கள் ஓர் இதழ் தொடங்கினார்கள். பெயர் ‘ஜெர்ம்’, முளை என்று பொருள். 1850 சனவரியில் முதல் இதழ் வந்தது. வாங்குவார் இல்லை. நான்கே இதழ்களுடன் அது நின்றுபோயிற்று. அந்த நான்காம் இதழில்தான் ஓவியங்களைப் பற்றிய ஆறு சானெட்டுகள் அச்சாயின.

பிந்திய வாழ்வைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஓவியமும் கவிதையும் வல்ல எலிசபெத் சிடாலை 1860-இல் மணந்தார். மறு ஆண்டு குழந்தை இறந்தே பிறந்தது. 1862 பிப்ரவரியில், அபினி கலந்த மருந்தை அளவுக்கு மீறி உட்கொண்டு அவ்வம்மையார் மறைந்தார். துயரத்தில் ரோசெட்டி தம் கவிதைக் கையெழுத்தேட்டை அவருடன் புதைத்தார். 1869-இல் நண்பர்கள் அதைத் தோண்டி எடுத்தார்கள். அப்போது அவர் அங்கே செல்லவில்லை. 1870-இல் கவிதைத் தொகுதி வெளிவந்தது. மறு ஆண்டு கடுமையான கண்டனம் எழுந்தது. உறக்கமின்மையும் உறக்க மருந்தும் அவர் உடலை அரித்தன. 1882 ஏப்ரல் 9-ஆம் நாள், கெண்டு மாவட்டத்துக் கடற்கரை ஊராகிய பர்ச்சிங்டனில், 53-ஆம் வயதில் காலமானார்.

இங்கே ஒன்றை நண்பர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். கல்லறையில் புதைந்த ஏட்டை மீட்க மண்ணைத் தோண்ட வேண்டியிருந்தது. ஓவியப் பாட்டுகளுக்கோ அந்தத் தேவை எழவில்லை. விலைபோகாத அந்தச் சிறிய இதழ் அவற்றை இருபது ஆண்டுகள் காத்து வைத்திருந்தது. 1870-ஆம் ஆண்டுத் தொகுதியில் அவற்றுள் சில மீண்டும் இடம்பெற்றன. புல்வெளிப் பாட்டின் இறுதியடியை அப்போது அவர் மாற்றியமைத்தார். இருபத்தொரு வயதில் கண்ட காட்சியை நாற்பத்தொரு வயதிலும் அவர் பார்த்து முடிக்கவில்லை!

இன்று லூவரில் அந்தப் படத்தைத் தித்தியானோ வரைந்ததாகவே குறித்திருக்கிறார்கள். ஓவியர் பெயர் மாறியும் பாட்டு பழுதுபடவில்லை. பெயர்ப்பலகையைப் படித்துப் பிறந்த பாட்டாக இருந்தால் பெயரோடு அதுவும் போயிருக்கும். பார்த்துப் பிறந்தமையால் நிலைத்தது.

தமிழகத்தை விட்டு வந்து படிக்கும் நாம் விடுமுறைகளில் தில்லியிலும் கொல்கத்தாவிலும் அருங்காட்சியகங்களைச் சுற்றி வருகிறோம். ஒரு மணி நேரத்தில் நூறு படங்களைக் கடந்து, கைப்பேசியில் பதித்துக்கொண்டு வெளியே வந்துவிடுகிறோம். அடுத்த முறை தொண்ணூற்றொன்பதை விட்டுவிட்டு ஒன்றின் முன் அமர்ந்து பாருங்கள். பதினான்கு அடிகள் வேண்டா, நான்கடி போதும். எழுதியதைப் பெட்டியில் பூட்டி வைக்காமல் நம் மலருக்குக் கொடுங்கள். வாங்குவார் குறைவுதான், ஆனால் ‘ஜெர்ம்’ இதழுக்கும் அப்படித்தான் இருந்தது.