எழுபத்து மூன்று போதும்!

குழந்தைகளே, எஸ்.எஸ்.பிள்ளை என்ற கணித மேதையைத் தெரியுமா?

1901ல் குற்றாலம் அருகே வல்லத்தில் பிறந்தவர். ஒரு வயதில் தாயை இழந்தார். பள்ளி இறுதி ஆண்டில் தந்தையும் மறைந்தார். படிப்பு நின்றுவிடும் நிலையில், அவரது ஆசிரியர் பண உதவி செய்து படிக்க வைத்தார்.

1929ல், இன்றைய கடலூர் மாவட்டத்தின் சிதம்பரத்தில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் ஆனார். அங்கே ஒரு புதிருக்கு விடை தேடினார்.

ஓர் எண்ணை ஆறு முறை எழுதிப் பெருக்கினால் வருவது ஆறாம் அடுக்கு. 1க்கு 1, 2க்கு 64, 3க்கு 729. இத்தகைய எண்களை மட்டும் கூட்டி எல்லா முழு எண்களையும் பெற, அதிகபட்சம் எத்தனை தேவை? இங்கிலாந்தின் வாரிங் 1770ல் எழுப்பிய புதிரின் ஒரு பகுதி இது.

எவ்வளவு பெரிய எண்ணானாலும் 73 போதும் என 1940ல் நிரூபித்தார் பிள்ளை. 73க்குக் குறைத்தால் போதாது. 703ஐப் பாருங்கள்: 729 அதைவிடப் பெரியது; எனவே 64 பத்து முறை, 1 அறுபத்து மூன்று முறை. மொத்தம் 73!

1950ல் அமெரிக்கக் கணித மாநாட்டுக்குப் புறப்பட்டவர், கெய்ரோ அருகே விமான விபத்தில் 49 வயதில் மறைந்தார். அவர் கண்ட விடை மறையவில்லை.

702க்கு எத்தனை தேவை? நீங்களே கண்டுபிடியுங்கள்!