ஓரியூர் அருளானந்தர்

நம்ம மாவட்ட எல்லையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனா ஓரியூர். அந்தச் செம்மண்ணை எல்லா மதத்துக்காரங்களும் எடுத்துட்டு வருவாங்க. அருளானந்தர் ரத்தம் சிந்தின மண் அது.

அவர் 1647-ல் போர்ச்சுகல் நாட்டு லிஸ்பனில் பிறந்தவர். இயற்பெயர் ஜான் டி பிரிட்டோ. சின்ன வயசுல நோயில் கிடந்தப்போ அவங்க அம்மா சவேரியாருக்கு நேர்ந்துக்கிட்டாங்க. பிழைச்சதும் ஒரு வருஷம் சாமியார் அங்கி போட்டுவிட்டாங்க. பிறகு அவர் நிஜமாவே சாமியாராகி இந்தியாவுக்குக் கிளம்பினப்போ, தடுத்துப் பார்த்ததும் அதே அம்மாதான்.

1673-ல் வந்தார். தமிழ் படிச்சார், காவி கட்டினார், கறி மீனை விட்டார். ஊர் ஊரா நடந்தே போய்ப் போதிச்சார். 1686-ல் மறவர் நாட்டில் பிடிச்சு வதைச்சாங்க. இனி போதிக்கக் கூடாதுன்னு சேதுபதி ராஜா விடுவிச்சார். சொந்த நாட்டுக்குப் போனவர், 1690-ல் மறுபடியும் வந்துட்டார்.

தடியத்தேவர் நோய் குணமாகி ஞானஸ்நானம் கேட்டார். ஒரு மனைவியோடதான் வாழணும்னு சாமியார் உறுதியா நின்னதால, மத்த மனைவிகளை விலக்கினார். அதில் ஒருத்தி சேதுபதியின் உறவுப்பெண். அவள் முறையிட்டாள். 1693 பிப்ரவரி 4-ல் ஓரியூரில் சாமியார் தலையை வெட்டிட்டாங்க. 1947-ல் புனிதர் பட்டம் கிடைச்சது.

அந்தப் பெண்ணைக் கெட்டவளாத்தான் நான் கேட்டு வளர்ந்தேன். உயிரை எடுத்தது பாவம்தான். ஆனா தாலி கட்டினவர் திடீர்னு போகச் சொன்னா யாருக்குத்தான் பொறுக்கும்? அவளுக்கு உட்கார்ந்து நியாயம் பேச நம்ம மாதிரி ஒரு குழு இல்லையே. அடுத்த தடவை ஓரியூர் போனா, அருளானந்தருக்கு ஒரு மெழுகுவர்த்தி, அவளுக்காகவும் ஒண்ணு ஏத்தணும்.