நீரடிமுத்தைச் சோதித்த மருத்துவர்

வேலூரிலிருந்து ஆம்பூர் செல்லும் வழியில் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் பலவற்றை நாம் காண்கிறோம். இரசாயனப் பொருள்கள் பெருகுமுன் இத்தொழிலுக்குக் கைகொடுத்தவற்றுள் ஒன்று ஆவாரம்பட்டை. அதே ஆவாரை நம் பாட்டிமாரின் கைமருந்திலும் இடம்பெற்றது. பட்டையின் சாறு தோலில் நன்கு ஏறியதா என்பதை அனுபவமுள்ள தொழிலாளி தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார். ஆனால் ஒரு மூலிகை நோயைத் தீர்த்ததா என்று அறிவது அத்தனை எளிதன்று. அதற்குப் பொறுமையும் வேண்டும், உண்மையை ஏற்கும் மனமும் வேண்டும். இவ்விரண்டும் படைத்தவராய் விளங்கியவர், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் முதல்வராகப் பணியாற்றிய டாக்டர் இராபர்ட் காக்ரேன்.

அவர் 1899-ஆம் ஆண்டு சீன நாட்டில் பிறந்தார். தந்தை தாமஸ் காக்ரேன் அங்கு மருத்துவத் தொண்டு புரிந்தவர். பீக்கிங் நகரில் மருத்துவக் கல்லூரியை நிறுவியவர். மகனும் மருத்துவம் கற்று, 1924-இல் இந்தியா வந்து சேர்ந்தார். செல்வம் சேர்க்கும் வழியை நாடாமல் தொழுநோயாளிகளுக்குத் தொண்டாற்றும் வழியையே தேர்ந்துகொண்டார்.

அந்நாளில் தொழுநோய் கண்டவருக்கு வீடும் ஊரும் கதவடைத்தன. நோயை உண்டாக்கும் கிருமியை 1873-இலேயே நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் கண்டறிந்திருந்தும், அதனைக் கொல்லும் மருந்து கிடைக்கவில்லை. நம்பியிருந்ததெல்லாம் ஒரு மரத்தின் விதையைத்தான். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வளரும் நீரடிமுத்து மரத்தின் விதையிலிருந்து எடுக்கும் எண்ணெயை நம் நாட்டு வைத்தியர்கள் நெடுங்காலமாகத் தோல் நோய்களுக்குக் கொடுத்து வந்தனர். அதன் இனத்தைச் சேர்ந்த சால்மூக்ரா எண்ணெயை 1854-இல் கல்கத்தாவிலிருந்து மௌவட் என்னும் மருத்துவர் மேனாட்டு மருத்துவ உலகுக்கு எடுத்துரைத்தார்.

இந்த எண்ணெயில் பெரும் இடர் ஒன்று இருந்தது. குடித்தால் குமட்டும், ஊசியாகப் போட்டால் கெட்டியாய்த் தங்கி வலியும் வீக்கமும் தரும். இதற்கு வழி கண்டவர்களுள் ஒருவர் 23 வயதே நிரம்பிய ஓர் இளம்பெண் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி. புனித தமியான் தொழுநோயாளிகளோடு வாழ்ந்து உயிர்நீத்த அதே ஹவாய்த் தீவுகளில், 1915-இல் ஆலிஸ் பால் என்ற வேதியியல் ஆசிரியை, எண்ணெயை உடல் எளிதில் ஏற்கும் ஊசி மருந்தாக மாற்றினார். மறு ஆண்டே அவர் இறந்துபோனார். அவருக்குரிய புகழ் பல்லாண்டு கழித்தே வந்து சேர்ந்தது.

காக்ரேன் 1935-இல் செங்கற்பட்டை அடுத்த திருமணியில் லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லத்தின் தலைமை மருத்துவரானார். அங்கு நீரடிமுத்து எண்ணெயைத் தோலினுள் சிறுசிறு ஊசிகளாகப் போட்டு வந்தார். சிலருக்குத் தேமல் மறைந்தது. சிலருக்கு மறைந்த நோய் மீண்டும் வந்தது. மருந்துதான் குணப்படுத்தியதா என்பதே கேள்வி. ஏனெனில் தொழுநோயின் ஒருவகை, மருந்தின்றியே சிலருக்குத் தானாக அடங்கிவிடும். நல்ல உணவும் தூய்மையும் கிடைத்தாலும் உடல் தேறும். ஆகவே நோயாளிகளை வகைப்படுத்தி, ஒரே வகையினரை ஒருவரோடொருவர் ஒப்பிட்டு, ஆண்டுக்கணக்கில் கவனித்தால்தான் உண்மை புலப்படும். நோயின் வகைகளைப் பிரித்தறிய வேண்டும் என்பதைக் காக்ரேன் ஓயாது வலியுறுத்தினார்.

இதற்கிடையே 1941-இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில் புரோமின் என்ற சல்போன் மருந்து நற்பலன் தந்தது. ஆயினும் அதை இரத்தக்குழாயில் நாள்தோறும் செலுத்த வேண்டும், விலையும் அதிகம். நம் ஏழை நாட்டுக்கு அது எட்டாக்கனி. அதன் மூலப்பொருளான டாப்சோன் மலிவானது. ஆனால் மனிதருக்கு நஞ்சாகும் என்று அஞ்சி ஒதுக்கி வைத்திருந்தனர். பசுக்களின் மடிநோய்க்கு மட்டும் அது பயன்பட்டது. 1946-இல் காக்ரேன் திருமணியில் அதனை மிகுந்த எச்சரிக்கையோடு ஊசியாகக் கொடுத்துப் பார்த்தார். நீரடிமுத்தோடும் ஒப்பிட்டு எழுதினார். கடுமையான வகை நோயில் புதிய மருந்தே முந்தி நின்றது. பல ஆண்டுகள் தம் கையால் கொடுத்துவந்த எண்ணெயைவிட வேறொன்று சிறந்ததெனக் கண்டபோது, அதனை மறைக்காமல் உலகுக்கு உரைத்தார். இதுவே அவரது பெருமை என்று நாம் கருதுகிறோம். வீட்டாரால் கைவிடப்பட்ட நோயாளிக்கு மருத்துவரின் பிடிவாதத்தால் என்ன பயன்? அவருக்குத் தேவை குணமல்லவா!

1944-இல் வேலூர்க் கல்லூரிப் பொறுப்பையும் காக்ரேன் ஏற்றிருந்தார். டாக்டர் ஐடா ஸ்கடர் பெண்களுக்காக 1918-இல் தொடங்கிய மருத்துவப் பள்ளி, பட்டப்படிப்புக் கல்லூரியாக உயர்ந்துகொண்டிருந்த நெருக்கடியான வேளை அது. காக்ரேனின் அழைப்பை ஏற்றே அறுவை மருத்துவர் பால் பிராண்ட் 1946-இல் வேலூர் வந்தார். திருமணியில் மடங்கிய விரல்களைக் கண்டு மனமுருகிய பிராண்ட், அவற்றை நிமிர்த்தும் அறுவை சிகிச்சையை உருவாக்கினார். வேலூரை அடுத்த கரிகிரியில் 1955-இல் ஷெஃப்லின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. உணர்ச்சியற்ற பாதங்களைப் புண்ணாகாமல் காக்க, மென்மையான ரப்பர் அடிப்பாகம் கொண்ட காலணிகளும் அங்கே உருவாயின. காலணிக்குப் பெயர்பெற்ற நம் வட்டாரத்துக்கு இது பொருத்தமான புகழன்றோ?

காக்ரேன் 1985-இல் மறைந்தார். டாப்சோனும் முடிவான விடையாகிவிடவில்லை. அதனை எதிர்த்து நிற்கும் கிருமிகள் தோன்றியதால், 1981-இல் உலக சுகாதார நிறுவனம் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருந்து முறையைப் பரிந்துரைத்தது. இன்று ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் தொழுநோயைக் குணப்படுத்தலாம். மருந்து அரசு சுகாதார நிலையங்களில் இலவசமாகவே கிடைக்கிறது. உணர்ச்சியற்ற தேமல் உடலில் தோன்றினால் மறைக்காமல் மருத்துவரிடம் காட்டுவதே அறிவுடைமை.

அன்புத் தோழியரே! நம் மூலிகைகளைப் பழையவை என்று இகழவும் வேண்டாம். நம்முடையவை என்பதற்காகவே சோதிக்காமல் புகழவும் வேண்டாம். நம்மிலிருந்தும் ஆலிஸ் பாலைப் போன்ற ஆராய்ச்சியாளர் எழட்டும். நோயுற்றோர்மீது கொண்ட அன்பு ஆராயத் தூண்டட்டும். ஆராய்ந்து கண்ட உண்மை, நமக்குக் கசந்தாலும், அவர்களுக்கு மருந்தாகட்டும்.