விண்மீன் ஒளியளந்த ரகுநாதாச்சாரியார்

கொடியேற்றமும் திருத்தேரும் தீர்த்தவாரியும் நிகழும் நாட்களை நமக்கு வகுத்துத் தருவது பஞ்சாங்கம். அப்பஞ்சாங்கம் கண்ணுக்குத் தெரியும் வானத்தோடு ஒத்திருத்தல் வேண்டும் என்று உழைத்த பெரியார் ஒருவரின் வரலாற்றை, உற்சவம் சேவிக்க வந்துள்ள அன்பர்கள் அறிதல் பொருத்தமாகும்.

சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-இல் அமைக்கப்பெற்ற வானாராய்ச்சி நிலையத்தில் இளமையிலேயே பணியேற்று, முதல் உதவியாளராக உயர்ந்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரியார். 1861-இல் அந்நிலையத்தின் தலைவராக வந்த நார்மன் போக்சன் என்னும் ஆங்கிலேயர், விண்மீன்களின் ஒளித்தரத்திற்கு 1856-இலேயே கணித முறை வகுத்தவர். ஐந்து தரங்கள் வேறுபடின் ஒளி நூறு மடங்கு வேறுபடும். எனவே ஒரு தரத்திற்கு ஏறக்குறைய 2.512 மடங்கு. தர எண் கூடக்கூட ஒளி குறையும்.

ஒளி மாறும் விண்மீனை அளப்பது எங்ஙனம்? அதனருகே ஒளி மாறாத மீன்கள் உள்ளன. அவற்றின் தரம் முன்பே அறியப்பட்டது. ஒன்றைவிட மங்கலாகவும் மற்றொன்றைவிடப் பிரகாசமாகவும் காணின், இடைப்பட்ட தரத்தைக் கணிக்கலாம். நேற்றுக் குறித்ததை மனத்திற்கொண்டு இன்று பார்த்தால் கணக்குப் பிழைபடும். கண்டதை மட்டுமே குறித்தல் வேண்டும்.

அத்தகைய விழிப்போடு விண்ணை நோக்கிய ஆச்சாரியார், 1867-இல் தென்வானின் ரெட்டிகுலம் மண்டலத்தில் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். ஆர் ரெட்டிகுலி எனப்படும் அது, ஏறத்தாழ 278 நாட்களுக்கு ஒருமுறை ஒளி கூடிக் குறைவது. உச்சத்தில் ஆறரைத் தரமும், மிக மங்குங்கால் பதினான்காம் தரமும் எனக் கொண்டால், ஏழரைத் தரம் வேறுபாடு; அதாவது ஆயிரம் மடங்கு!

1868-இல் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தை வனபர்த்தி சென்று ஆராய்ந்தார். 1872-இல் இலண்டன் ராயல் வானியல் கழகம் அவரைத் தன் உறுப்பினராக ஏற்றது. 1874-இல் சூரியனைச் சுக்கிரன் கடப்பதைக் குறித்துப் பொதுமக்களுக்கென உரையாடல் நடையில் நூல் எழுதினார்.

எனினும் அவர் உள்ளத்தை வருத்தியது பஞ்சாங்கப் பிழையே. பழைய வாய்பாடுகள் கூறும் கிரக நிலைக்கும், தொலைநோக்கியில் தோன்றும் நிலைக்கும் இடைவெளி கண்டார். திதி பிழைத்தால் விரதமும் உற்சவமும் நாள் தவறுமன்றோ? ஆகவே திருக்கணித முறையில் பஞ்சாங்கம் வெளியிட்டார். மரபை மீறுகிறார் என எதிர்ப்பு எழுந்தது, அவர் தளரவில்லை. வானத்தை நேரில் கண்டு கணக்கைத் திருத்துவதும் முன்னோர் நெறியே என்பது அவர் துணிபு.

1880-இல் அவர் மறைந்தார். பஞ்சாங்கப் பணியை அவர்தம் மைந்தர்கள் தொடர்ந்தனர். அவர் கண்ட விண்மீனோ இன்றும் மங்கியும் ஒளிர்ந்தும் தென்வானில் திகழ்கிறது.