சதீஷ் தவான்

சதீஷ் தவான் (செப்டம்பர் 25, 1920 - சனவரி 3, 2002) இந்திய வானூர்தியியல் அறிஞரும் விண்வெளித் திட்டத் தலைவரும் ஆவார். பாய்ம இயக்கவியலில், குறிப்பாக எல்லைப் படலம் பற்றிய ஆய்வில், இவர் புகழ்பெற்றவர். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராகவும், இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் (இஸ்ரோ) தலைவராகவும் பணியாற்றினார். பிற்காலத்தில் பழவேற்காடு ஏரியின் பறவைகளைக் கூர்ந்து நோக்கி, பறவைகள் பறக்கும் முறையை ஆராய்ந்தார்.

பிறப்பும் கல்வியும்

தவான் காசுமீரத்தின் சிறீநகரில் பிறந்தார். லாகூரில் இருந்த பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் இயற்பியலும் கணிதமும் பயின்று இளங்கலைப் பட்டமும், ஆங்கில இலக்கியத்தில் முதுகலைப் பட்டமும், இயந்திரப் பொறியியலில் இளநிலைப் பட்டமும் பெற்றார். பின்னர் அமெரிக்கா சென்று மினசோட்டா பல்கலைக்கழகத்தில் வானூர்திப் பொறியியலில் முதுநிலைப் பட்டம் (1947) பெற்றார். கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் ஹான்ஸ் லீப்மேனின் வழிகாட்டலில் ஆய்வு செய்து, 1951-இல் முனைவர் பட்டம் பெற்றார்.

எல்லைப் படல ஆய்வு

ஒரு பரப்பின் மீது காற்று பாயும்போது, பரப்பை ஒட்டிய காற்று அதனுடன் ஒட்டி நின்றுவிடுகிறது. அதற்குச் சற்று மேலே உள்ள காற்று மெதுவாகவும், மேலும் விலகிய காற்று முழு வேகத்துடனும் செல்கிறது. இவ்வாறு வேகம் மாறும் மெல்லிய பகுதியே எல்லைப் படலம் எனப்படும். இதனால் பரப்பின் மீது உராய்வு விசை ஏற்படுகிறது. இவ்விசை மிகச் சிறியது என்பதால், அக்காலத்தில் பெரும்பாலும் வேறு அளவீடுகளிலிருந்து கணக்கிட்டே அறியப்பட்டது. தவான் தட்டையான பலகையின் ஒரு சிறு துண்டை, பரப்போடு சமமாக, ஆனால் தனித்து அசையுமாறு அமைத்தார். காற்று அத்துண்டை இழுக்கும் விசையை அவர் நேரடியாகவே அளந்தார். இம்முறை ஒலியின் வேகத்துக்குக் குறைவான பாய்விலும் மிகுதியான பாய்விலும் பயன்பட்டது.

இந்திய அறிவியல் கழகம்

1951-இல் இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்த தவான், 1955-இல் வானூர்திப் பொறியியல் துறையின் தலைவரானார். மீயொலி வேகக் காற்றுச் சுரங்கத்தை இந்தியாவில் முதன்முதலாக அங்கு அமைத்தார். பாய்ம இயக்கவியல் அறிஞர் ரொத்தம் நரசிம்மா இவருடைய மாணவர்களுள் ஒருவர். 1962 முதல் 1981 வரை தவான் கழகத்தின் இயக்குநராக இருந்தார்.

விண்வெளித் திட்டம்

1971 டிசம்பர் 30 அன்று விக்கிரம் சாராபாய் மறைந்தார். எம். ஜி. கே. மேனன் சில மாதங்கள் பொறுப்பு வகித்தபின், 1972-இல் தவான் இஸ்ரோவின் தலைவரானார். இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநர் பதவியில் தொடர்வதும், விண்வெளித் திட்டத்தின் தலைமையகம் பெங்களூரில் அமைவதும் அவர் முன்வைத்த நிபந்தனைகளாகும். 1984 வரை இப்பதவியில் இருந்தார்.

1979 ஆகத்து 10 அன்று சிறீஹரிக்கோட்டாவிலிருந்து செலுத்தப்பட்ட எஸ்.எல்.வி-3 ஏவூர்தி, இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் ஏற்பட்ட கோளாறால் வங்காள விரிகுடாவில் விழுந்தது. திட்ட இயக்குநர் ஏ. பி. ஜே. அப்துல் கலாமை முன்னிறுத்தாமல், தவானே செய்தியாளர்களைச் சந்தித்துத் தோல்விக்குப் பொறுப்பேற்றார். 1980 சூலை 18 அன்று அதே வகை ஏவூர்தி ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் செலுத்தியபோது, செய்தியாளர்களைச் சந்திக்கக் கலாமை அனுப்பினார். கலாம் பிற்காலத்தில் இந்நிகழ்வைத் தலைமைப் பண்புக்கு எடுத்துக்காட்டாகப் பலமுறை கூறியுள்ளார்.

பறவைகள் பற்றிய ஆய்வு

சிறீஹரிக்கோட்டா, பழவேற்காடு ஏரிக்கும் வங்காள விரிகுடாவுக்கும் இடையில் அமைந்த தீவாகும். ஆந்திரப் பிரதேசத்திலும் தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்திலும் பரந்துள்ள இவ்வேரிக்குப் பூநாரைகளும் கூழைக்கடாக்களும் வருகின்றன. இப்பறவைகளைக் கண்டு ஆராய்ந்த தவான், பறவைகளின் பறத்தல் குறித்த விரிவான கட்டுரையை 1991-இல் இந்திய அறிவியல் அகாதமியின் சாதனா ஆய்விதழில் வெளியிட்டார்.

பறக்கும் பறவையின் மீது எடை, தூக்குவிசை, இழுவை, உந்துவிசை ஆகிய நான்கு விசைகள் செயற்படுகின்றன. சிறகு காற்றைக் கீழ்நோக்கித் திருப்புகிறது; அதன் எதிர்வினையாகக் காற்று சிறகை மேல்நோக்கித் தள்ளுகிறது. இதுவே தூக்குவிசையாகும். வானூர்தியில் இறக்கை தூக்குவிசையையும் இயந்திரம் உந்துவிசையையும் தனித்தனியே தருகின்றன. பறவையிலோ இரண்டையும் சிறகே தருகிறது. உடலை ஒட்டிய பகுதி பெரும்பாலும் தூக்குவிசையை அளிக்க, நுனிப் பகுதி கீழ்நோக்கி அடிக்கும்போது முறுக்கிக்கொண்டு உந்துவிசையையும் அளிக்கிறது.

உருவ அளவும் முக்கியமானது. ஒரே வடிவுடைய பறவையின் நீளம் 2 மடங்கானால், சிறகின் பரப்பு 4 மடங்கும் எடை 8 மடங்கும் ஆகும். எனவே சிறகின் ஒவ்வொரு பகுதியும் 2 மடங்கு சுமையைத் தாங்க வேண்டும். அதற்குச் சுமார் 1.4 மடங்கு வேகம் தேவை. பூநாரை நீரின் மேல் ஓடிய பின்னரே எழும்புவது இவ்வேகத்தைப் பெறுவதற்காகவே. கூழைக்கடா போன்ற பெரிய பறவைகள் வெப்பத்தால் மேலெழும் காற்றில் வட்டமிட்டு, சிறகடிக்காமலே உயரம் பெறுகின்றன.

இறங்கும்போது பறவை சிறகைச் செங்குத்தாகத் திருப்பி வேகத்தைக் குறைக்கிறது. சாய்வு மிகுந்தால் எல்லைப் படலம் சிறகின் மேற்பரப்பை விட்டுப் பிரிந்து, தூக்குவிசை குறைந்துவிடும். கட்டைவிரலில் அமைந்துள்ள சிற்றிறகுகள் விரிந்து அப்பிரிவைத் தாமதப்படுத்துகின்றன. இளமையில் தவான் ஆய்வுக்கூடத்தில் அளந்த எல்லைப் படலமே பறவையின் சிறகிலும் அதன் இறக்கத்தைத் தீர்மானிக்கிறது.

விருதுகளும் நினைவும்

இந்திய அரசு தவானுக்கு 1971-இல் பத்ம பூசண் விருதும், 1981-இல் பத்ம விபூசண் விருதும் வழங்கியது. இவர் 1977 முதல் 1979 வரை இந்திய அறிவியல் அகாதமியின் தலைவராகவும் இருந்தார். 2002 சனவரி 3 அன்று பெங்களூரில் காலமானார். அதே ஆண்டு செப்டம்பரில் சிறீஹரிக்கோட்டா ஏவுதளத்துக்குச் சதீஷ் தவான் விண்வெளி மையம் எனப் பெயர் சூட்டப்பட்டது. இவர் பறவைகளைக் கண்டு ஆராய்ந்த பழவேற்காடு ஏரி இம்மையத்தின் மேற்கு எல்லையில் உள்ளது.